வாக்குச் சாவடிக்கு 87 கிலோ மீட்டர்

அலபாமா மாநிலத்தில் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்குப் போகும் நெடுஞ்சாலை அமெரிக்க ஜனநாயகத்தின் வரலாற்றையே மாற்றியது. சட்டம், போலீஸ், ஓட்டு மூன்றிலும் நிறவெறி ஒழிந்துவிட்டதா என்ற விவாதம் மட்டும் அந்தச் சாலையில் இன்னும் ஓயவில்லை.

அலபாமா ஆற்றின் குறுக்கே நிற்கும் அந்த இரும்புப் பாலத்தில் நடப்பவர்களுக்கு முதல் பாதியில் அக்கரை தெரிவதில்லை. பாலம் நடுவில் உயர்ந்து வளைந்திருக்கிறது. உச்சிக்குப் போனால்தான் எதிர்ப்பக்கம் என்ன காத்திருக்கிறது என்று தெரியும். 1965 மார்ச் 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரண்டிரண்டு பேராக வரிசை கட்டி அந்த உச்சிக்கு வந்த சுமார் 600 கறுப்பர்கள் எதிரே பார்த்தது நீலத் தொப்பி அணிந்த போலீஸ் சுவரை. அவர்களுக்குப் பின்னால் குதிரைகள். கையில் தடிகள், கண்ணீர்ப் புகைக் குண்டுகள்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஓட்டு.

பாலத்தின் உச்சிக் கம்பியில் கறுப்பு எழுத்துக்களில் பெரிதாக ஒரு பெயர் இருக்கிறது: எட்மண்ட் பெட்டஸ். அடிமை முறையைக் காப்பாற்ற அமெரிக்காவை இரண்டாக்க முயன்ற தென் மாநிலங்களின் படையில் தளபதியாக இருந்தவர். பின்னர் அமெரிக்க செனட் உறுப்பினர். கறுப்பர்களை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான் இயக்கத்தின் அலபாமா தலைவர் என்றும் சொல்லப்படுபவர். 1940ல் பாலம் திறக்கப்பட்டபோது அவர் பெயரைச் சூட்டுவதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. பெயரை மாற்ற வேண்டும் என்ற குரல் பலமுறை எழுந்திருக்கிறது. அன்று அந்தப் பாலத்தில் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸ், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, 2015ல் அதை எதிர்த்தார். பெயர் அப்படியே இருந்தால்தான் நடந்தது என்ன என்பது மறக்காது என்பது அவர் வாதம்.

பாலத்தின் இந்தப் பக்கம் செல்மா. அந்தப் பக்கம் 54 மைல் தூரத்தில், அதாவது சுமார் 87 கிலோ மீட்டரில், மாநிலத் தலைநகர் மான்ட்கோமரி. இடையில் எண்பதாம் எண் நெடுஞ்சாலை. காரில் ஒரு மணி நேரப் பயணம். 1965ல் நடந்து போனவர்களுக்கு ஐந்து நாட்கள் ஆயின. புறப்படுவதற்கே மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன.

எழுதாத தடை

செல்மா நகரின் நடுவே டல்லஸ் கவுண்டி நீதிமன்றம் இருக்கிறது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமானால் இந்தக் கட்டடத்தின் படிகளில் ஏற வேண்டும். 1960களின் தொடக்கத்தில் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாட்கள் திறந்திருந்தது. முதல் திங்கள், மூன்றாம் திங்கள். வேலைக்குப் போகும் கறுப்பர் விடுப்பு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால், முதலாளிக்குச் செய்தி போய்விடும். பல நேரங்களில் மறுநாள் வேலை இருக்காது.

வரிசை நகர்ந்து உள்ளே போனால் தேர்வு. அரசியல் சட்டத்தின் ஏதாவது ஒரு பகுதியைப் படித்து விளக்கம் சொல்ல வேண்டும். சொன்னது சரியா தவறா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரி. அதிகாரி வெள்ளையர். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவர் 'இவர் நல்லவர்' என்று சான்று சொல்லவும் வேண்டும். பட்டியலில் கறுப்பர்களே இல்லாத ஊரில் சான்றுக்கு யாரிடம் போவது?

விளைவு கணக்கில் தெரிந்தது. டல்லஸ் கவுண்டியில் ஓட்டுப் போடும் வயதில் சுமார் 15,000 கறுப்பர்கள் இருந்தார்கள். பட்டியலில் இருந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம். நூற்றுக்கு இரண்டு பேர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், 'கறுப்பர்கள் ஓட்டுப் போடக் கூடாது' என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதவும் முடியாது. நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870லேயே அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. அதைத் தாண்ட வழி கண்டுபிடிக்கத்தான் 1901ல் அலபாமா புதிய மாநில அரசியல் சட்டம் எழுதியது. வெள்ளையர் ஆதிக்கத்தைச் சட்டப்படியே நிலைநிறுத்துவதுதான் நோக்கம் என்று அந்த மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ் மேடையிலேயே ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, தலைவரி என்று ஒவ்வொன்றாக வந்தன. தலைவரி ஆண்டுக்கு ஒன்றரை டாலர்தான். ஆனால் கட்டாமல் விட்ட ஆண்டுகளுக்கெல்லாம் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். ஏழை விவசாயிக்கு அது ஒரு சொத்து. 1900ல் 1,80,000க்கு மேல் இருந்த கறுப்பு வாக்காளர்கள் 1903ல் சுமார் 3,000 பேராகச் சுருங்கினார்கள்.

மான்ட்கோமரியைச் சேர்ந்த ஜாக்சன் கைல்ஸ் என்ற கறுப்பர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1903ல் தீர்ப்பு வந்தது. மாநிலமே சேர்ந்து ஒரு தவறு செய்தால் நீதிமன்றம் என்ன செய்ய முடியும், அரசியல் வழியில் பரிகாரம் தேடுங்கள் என்பது அதன் சாரம். ஓட்டு இல்லாதவரை அரசியல் வழியில் தேடச் சொன்ன தீர்ப்பு அது.

இந்தியாவில் 1951-52ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். ஆனாலும் கைநாட்டு வைப்பவருக்கும் ஓட்டு இருந்தது. அதே காலத்தில் செல்மாவில் பள்ளிக்கூட ஆசிரியர்களே எழுத்தறிவுத் தேர்வில் 'தோற்று'க்கொண்டிருந்தார்கள். 1965 ஜனவரி 22ஆம் தேதி நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பு ஆசிரியர்கள் வகுப்பு முடிந்ததும் நேராக இந்த நீதிமன்றத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். சிறைக்குப் போகவும் தயார் என்பதற்கு அடையாளமாகச் சிலர் பல் தேய்க்கும் பிரஷ்ஷையும் கொண்டுவந்திருந்தார்கள். ஷெரீஃப் ஜிம் கிளார்க்கும் அவரது ஆட்களும் அவர்களைப் படிகளிலிருந்து தடியால் நெட்டித் தள்ளினார்கள்.

கூடிப் பேசுவதற்கும் தடை இருந்தது. 1964 ஜூலையில் உள்ளூர் நீதிபதி ஒருவர், மூன்று பேரோ அதற்கு மேலோ கூடி உரிமை பற்றிப் பேசக் கூடாது என்று உத்தரவிட்டார். 144 தடை உத்தரவைத் தெரிந்த இந்தியர்களுக்கு இது புரியும். செல்மாவில் அது உரிமை இயக்கத்தைக் குறிவைத்துப் போடப்பட்டது.

ரத்த ஞாயிறு

செல்மாவுக்குப் பக்கத்து ஊர் மேரியன். 1965 பிப்ரவரி 18 இரவு அங்கே நடந்த ஊர்வலத்தை மாநில போலீஸ் அடித்துக் கலைத்தது. தாயைக் காப்பாற்றப் போன 26 வயது ஜிம்மி லீ ஜாக்சனை ஒரு போலீஸ்காரர் சுட்டார். எட்டு நாள் கழித்து ஜாக்சன் இறந்தார். பல முறை முயன்றும் அவரால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முடிந்ததில்லை. அந்தச் சாவுக்கு நியாயம் கேட்டுத்தான் மான்ட்கோமரிக்கு நடப்பது என்று முடிவாயிற்று.

பிரவுன் சேப்பல் என்ற செங்கல் தேவாலயம் அவர்கள் புறப்பட்ட இடம். பாலத்தைத் தாண்டிய ஊர்வலத்துக்குக் கலைந்து போகச் சொல்லி இரண்டு நிமிட அவகாசம் தரப்பட்டது. அதுவும் முடியுமுன்பே தடிகள் இறங்கின. 25 வயது ஜான் லூயிஸின் மண்டையோட்டில் விரிசல். அமீலியா பாய்ன்டன் நினைவிழந்து சாலையில் விழுந்தார். அன்றிரவு ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நாஜிகள் மீதான நூரெம்பர்க் விசாரணை பற்றிய திரைப்படத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதை இடையில் நிறுத்தி செல்மாக் காட்சிகளைக் காட்டியது. லட்சக்கணக்கான வீடுகளில், ஜெர்மனியின் குற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் நாட்டுப் போலீஸைப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் இரண்டாவது ஊர்வலம். நீதிமன்றத் தடை இருந்ததால் பாலத்தில் பிரார்த்தனை செய்துவிட்டுத் திரும்பியது. அதற்கு ஆதரவாக வந்திருந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளைப் பாதிரியாரை அன்றிரவு செல்மா தெருவில் அடித்தார்கள். அவரும் இறந்தார். பிறகு கூட்டாட்சி நீதிபதி ஃப்ராங்க் ஜான்சன், அநீதி எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு எதிர்ப்புரிமையும் பெரிது என்ற அடிப்படையில் அனுமதி தந்தார். மார்ச் 21ஆம் தேதி, ராணுவப் பாதுகாப்போடு, சுமார் 3,200 பேர் புறப்பட்டார்கள்.

கரிசல் பூமி

செல்மாவைத் தாண்டினால் நகரத்தின் சுவடு மறைந்துவிடுகிறது. இரு பக்கமும் மேய்ச்சல் நிலம், பைன் மரங்கள், மரக் கிளைகளிலிருந்து சடையாகத் தொங்கும் பாசி. இந்தப் பகுதிக்குக் 'கறுப்பு வளையம்' என்று பெயர். முதலில் மண்ணின் நிறத்தை வைத்து வந்த பெயர் அது. நம் கரிசலைப் போலவே பருத்திக்குப் பேர்போன மண். பருத்தி பறிக்க அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். காலப்போக்கில் பெயர் மண்ணிலிருந்து மனிதர்களுக்கு மாறியது.

சாலை நுழையும் அடுத்த கவுண்டி லௌண்டஸ். 1965 தொடக்கத்தில் இங்கே மக்கள் தொகையில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். பட்டியலில் இருந்த கறுப்பு வாக்காளர்கள்: பூஜ்யம். அதே நேரத்தில் பட்டியலில் இருந்த வெள்ளையர்களின் எண்ணிக்கை, உயிரோடிருந்த வயது வந்த வெள்ளையர்களின் எண்ணிக்கையைவிட அதிகம். செத்தவர்களுக்கும் ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் இருந்த ஓட்டு, நிலத்தை உழுதவர்களுக்கு இல்லை.

இங்கே சாலை இரு வழிப் பாதையாகக் குறுகியது. அதனால் 300 பேர் மட்டும் நடக்க நீதிமன்றம் அனுமதித்தது. கறுப்பு விவசாயிகள் தங்கள் நிலத்தில் இரவு தங்க இடம் தந்தார்கள். தங்க இடம் தருவதும் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் அப்போது விளையாட்டு விஷயமல்ல. அந்த ஆண்டு பெயர் பதிவு செய்த குத்தகைக் குடும்பங்களை நிலச்சுவான்தார்கள் வெளியேற்றினார்கள். அவர்கள் சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்கிய இடத்தில் இன்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

இன்னும் சற்று தூரத்தில் ஒரு நினைவுக் கல். ஊர்வலம் முடிந்த மார்ச் 25 இரவு, கலந்துகொண்டவர்களைக் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த வயோலா லியூசோ என்ற டெட்ராய்ட் நகர வெள்ளைப் பெண்ணை, ஐந்து குழந்தைகளின் தாயை, கிளான் ஆட்கள் காரில் துரத்திவந்து சுட்டுக் கொன்ற இடம். கவுண்டித் தலைநகரான ஹேன்வில்லில் மாநில நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளியை விடுவித்தது. கூட்டாட்சி நீதிமன்றம் வேறொரு சட்டத்தின் கீழ் பத்தாண்டுச் சிறை விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜொனாதன் டேனியல்ஸ் என்ற மத மாணவர் ஹேன்வில்லில் சுடப்பட்டபோதும் இதே கதைதான். சுட்டவர் விடுதலை. ஜூரியில் கறுப்பர்களைச் சேர்க்காதது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று இந்தக் கவுண்டி சம்பந்தமான வழக்கில்தான் 1966ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஓட்டு இல்லாவிட்டால் ஷெரீஃபைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஷெரீஃப் வெள்ளையராக இருந்தால் புகாருக்கு மதிப்பில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனாலும் ஜூரியில் நம் ஆள் இல்லை. இந்தச் சங்கிலியை லௌண்டஸில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் ஸ்டோக்லி கார்மைக்கேல். ஊர்வலம் கடந்துபோன பிறகும் இங்கேயே தங்கி வேலை செய்த இளைஞர். சார்ல்ஸ் ஹாமில்டன் என்ற அரசியல் பேராசிரியரோடு சேர்ந்து அவர் 1967ல் எழுதிய 'பிளாக் பவர்' நூல்தான் 'நிறுவன இனவெறி' என்ற சொல்லைப் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தது. தேவாலயத்தில் குண்டு வைத்துக் குழந்தைகளைக் கொன்றால் உலகமே பதறுகிறது. உணவும் மருத்துவமும் இல்லாமல் அதே பர்மிங்ஹாம் நகரில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கறுப்புக் குழந்தைகள் சாவதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை என்பது அவர்கள் காட்டிய வேறுபாடு. இன்று அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் தினமும் அடிபடும் 'அமைப்பு ரீதியான இனவெறி' என்ற சொல்லின் வேர் இந்தக் கரிசல் மண்ணிலும் இருக்கிறது.

இன்னொரு விஷயம் இந்திய வாசகர்களுக்குப் பரிச்சயமானது: தேர்தல் சின்னம். படிக்காத வாக்காளர்கள் அதிகம் என்பதால் அலபாமாவில் கட்சிகளுக்குச் சின்னம் உண்டு. மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதோடு 'வெள்ளையர் ஆதிக்கம்' என்ற முழக்கமும் இருந்தது. லௌண்டஸ் கறுப்பர்கள் தனிக் கட்சி தொடங்கித் தேர்ந்தெடுத்த சின்னம் கருஞ்சிறுத்தை. 1966 தேர்தலில் அவர்கள் தோற்றார்கள். சின்னத்தைக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் இளைஞர்கள் எடுத்துக்கொண்டு உலகப் புகழ் பெறச் செய்தார்கள். ஆனால் 1965 மார்ச்சில் லௌண்டஸில் முதன்முதலாகப் பட்டியலில் இடம் பெற்ற இரு கறுப்பர்களில் ஒருவரான ஜான் ஹ்யூலெட், 1970ல் அதே கவுண்டியின் ஷெரீஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தடியோடு நின்ற பதவி தடியடி பட்டவர்கள் கைக்கு வந்தது.

ஆனால் பதவி வந்த பின்னும் கரிசல் மண் நீரை உறிஞ்சுவதில்லை. லௌண்டஸில் பல வீடுகளுக்குக் கழிவுநீர் இணைப்பு இல்லை. களிமண்ணில் வேலை செய்யும் கழிவுத் தொட்டிக்கு ஆகும் செலவு ஏழைகளால் தாங்க முடியாதது. குழாய் வழியாகக் கழிவு கொல்லையிலேயே தேங்குகிறது. இதற்காக வீட்டுக்காரர்கள் மீதே வழக்குப் போடப்பட்ட காலமும் உண்டு. 2017ல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதித்த 55 பேரில் மூன்றில் ஒரு பங்கினரிடம் கொக்கிப் புழுத் தொற்றின் தடயத்தைக் கண்டது. பணக்கார நாட்டில் ஒழிந்துவிட்டதாக நினைத்த நோய். மத்திய நீதித் துறை விசாரித்து 2023 மே மாதம் மாநில சுகாதாரத் துறையோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. இன அடிப்படையில் சலுகை காட்டும் கொள்கைகளுக்கு இனி இடமில்லை என்பது அரசு சொன்ன காரணம். கொல்லையில் தேங்கிய கழிவு சலுகையா உரிமையா என்ற கேள்வி இப்படித்தான் வாஷிங்டன் வரை போயிற்று.

வெள்ளி நட்சத்திரம் அல்ல, வெண்கலம்

மான்ட்கோமரியில் சாலை மேடேறி முடியும் இடத்தில் வெள்ளை மாடம் கொண்ட சட்டமன்றக் கட்டடம். அதன் முகப்பில் ஒரு வெண்கல நட்சத்திரம் பதித்திருக்கிறது. அடிமை மாநிலங்களின் கூட்டமைப்புக்கு ஜெஃபர்சன் டேவிஸ் 1861 பிப்ரவரியில் அதிபராகப் பதவியேற்ற இடம். ஒரே தெரு தள்ளி, கூப்பிடு தூரத்தில், கிங் பாதிரியாராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயம். 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் பேருந்தில் இடம் தர மறுத்ததும், 381 நாட்கள் கறுப்பர்கள் பேருந்தைப் புறக்கணித்ததும் இந்த ஊரில்தான்.

1965 மார்ச் 25 அன்று கூட்டம் 25,000 ஆகப் பெருகியிருந்தது. ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வெளியே வரவில்லை. ஆனால் ஆகஸ்ட் 6ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எழுத்தறிவுத் தேர்வு தடை செய்யப்பட்டது. நிறப்பாகுபாட்டில் பேர்பெற்ற மாநிலங்கள் தேர்தல் விதியில் எந்த மாற்றம் செய்தாலும் முன்கூட்டியே மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் ஆயிற்று. செல்மாவில் ஷெரீஃப் கிளார்க் அடுத்த ஆண்டே தோற்றார். அவர் அடித்து விரட்டியவர்கள் வரிசையில் நின்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதே ஜூலையில் கிங் தன் தேவாலயத்தில் ஓர் இந்திய அனுபவத்தைச் சொன்னார். 1959ல் இந்தியா வந்திருந்தபோது திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்களின் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த 'சக தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்தார். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்ததும் அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

ஊரின் ஒரு மேட்டில் 2018 ஏப்ரலில் திறக்கப்பட்ட நினைவகம் இருக்கிறது. பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞரின் அமைப்பு கட்டியது. கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட 4,400 பேருக்கு மேற்பட்டோரின் நினைவாக 800க்கும் மேற்பட்ட துருநிற இரும்புத் தூண்கள். ஒரு கவுண்டிக்கு ஒரு தூண். முதலில் கண்ணுக்கு நேராக நிற்கின்றன. தரை சரியச் சரிய, தூண்கள் தலைக்கு மேல் தொங்கத் தொடங்குகின்றன. வெளியே புல்வெளியில் அதே தூண்களின் நகல்கள் படுத்துக் கிடக்கின்றன. அந்தந்த ஊர்க்காரர்கள் வந்து எடுத்துப் போய்த் தங்கள் ஊரில் நடலாம் என்பது ஏற்பாடு.

இரண்டு தரப்பு

இதெல்லாம் பழைய கதை என்பவர்களும் இதே மாநிலத்தில் உண்டு. அவர்கள் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 1965ல் அலபாமாவில் வாக்காளர்களாகப் பதிவு செய்திருந்த வெள்ளையர்கள் 69.2 சதவிகிதம், கறுப்பர்கள் 19.3 சதவிகிதம். 2004ல் அது 73.8க்கு 72.9. இடைவெளி ஒரு சதவிகிதம்கூட இல்லை. மான்ட்கோமரிக்கு அருகிலுள்ள கவுண்டிகளில் ஒன்றல்ல, பர்மிங்ஹாமை ஒட்டிய ஷெல்பி கவுண்டி இந்தக் கணக்கோடு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2013 ஜூன் 25ஆம் தேதி 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. எந்தெந்த மாநிலங்கள் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்பதைத் தீர்மானித்த பழைய சூத்திரம் செல்லாது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தீர்ப்பில் செல்மாவையே சாட்சிக்கு அழைத்தார்: அந்த ஊருக்கு இன்று கறுப்பு மேயர் இருக்கிறார், நாடு மாறிவிட்டது, சட்டமும் மாற வேண்டும்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் பதில்: நனையவில்லை என்பதற்காக, மழை பெய்துகொண்டிருக்கும்போது குடையைத் தூக்கி எறியலாமா? அவர் ஷெல்பி கவுண்டியிலிருந்தே உதாரணம் எடுத்தார். அங்குள்ள கலேரா நகரம் 2008ல் ஒப்புதல் பெறாமல் வார்டு எல்லைகளை மாற்றியது. கறுப்பர்கள் அதிகமிருந்த ஒரே வார்டு காணாமல் போயிற்று. ஒரே கறுப்பு உறுப்பினரும் தோற்றார். மத்திய அரசு தலையிட்ட பிறகு அவர் திரும்ப வந்தார்.

தீர்ப்புக்குப் பிறகு நடந்தவற்றை இரு தரப்பும் வெவ்வேறாகப் படிக்கின்றன. புகைப்பட அடையாள அட்டை கட்டாயம் என்ற சட்டம் 2014ல் அலபாமாவில் நடைமுறைக்கு வந்தது. அட்டை இலவசமாகவே தருகிறோம், கள்ள ஓட்டைத் தடுக்கத்தான் என்றது மாநிலம். 2015ல் பணமில்லை என்று 31 ஓட்டுநர் உரிம அலுவலகங்களை மூடப்போவதாக அறிவித்தது. பெரும்பாலோர் அடையாள அட்டையாகக் காட்டுவது ஓட்டுநர் உரிமத்தைத்தான். கறுப்பர்கள் மிக அதிகமாக உள்ள கவுண்டிகள் எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்புக்குப் பிறகு மாதம் ஒரு நாள் திறப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பகுதி மக்களுக்கு அது பாதகம் என்று மத்தியப் போக்குவரத்துத் துறை கண்டறிந்து, 2016 டிசம்பரில் நேரத்தை நீட்டிக்க வைத்தது. மாதத்தில் சில நாள் மட்டும் திறக்கும் அலுவலகம் என்பது செல்மாக்காரர்களுக்குப் புதிதல்ல.

போலீஸுக்கும் ஓட்டுக்கும் உள்ள முடிச்சும் அவிழவில்லை. 1901 சட்டம் 'ஒழுக்கக் கேடான' குற்றம் செய்தவர்களுக்கு ஓட்டு இல்லை என்றது. சில்லறைக் குற்றங்களையும் சேர்த்திருந்த அந்தப் பிரிவு கறுப்பர்களைக் குறிவைத்தே எழுதப்பட்டது என்று 1985ல் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் ரத்து செய்தது. 1996ல் பெரிய குற்றங்களுக்கு மட்டும் என்று அது திரும்ப வந்தது. எவை ஒழுக்கக் கேடானவை என்ற பட்டியல் 2017 வரை இல்லை. ஒவ்வொரு ஊரிலும் பதிவு அதிகாரிதான் தீர்மானித்தார். மாநில மக்கள் தொகையில் கறுப்பர்கள் 27 சதவிகிதம். சிறைகளிலோ பாதிக்கு மேல். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. குற்றம் செய்தவருக்குத் தண்டனை, அதில் நிறம் எங்கே வருகிறது என்று ஒரு தரப்பு கேட்கிறது. யாரை நிறுத்திச் சோதிக்கிறார்கள், யார் மீது வழக்குப் போடுகிறார்கள் என்பதில் வருகிறது என்கிறது மறு தரப்பு. மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் இதை நீதித் துறை எண்ணிப் பார்த்தது. மக்கள் தொகையில் 67 சதவிகிதமாக இருந்த கறுப்பர்கள், கைதானவர்களில் 93 சதவிகிதம் என்றது 2015 மார்ச்சில் வந்த அறிக்கை.

தொகுதி எல்லைகளும் நீதிமன்றம் ஏறின. அலபாமாவின் ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே கறுப்பர்கள் பெரும்பான்மையாக இருந்தார்கள். இது வாக்குரிமைச் சட்டத்தின் வேறொரு பிரிவை மீறுவதாகத் தோன்றுகிறது என்று 2023 ஜூன் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 5-4ல் கூறியது. பழைய தீர்ப்பை எழுதிய ராபர்ட்ஸே இதையும் எழுதினார். சட்டமன்றம் அப்போதும் முரண்டு பிடித்ததால் நீதிமன்றமே வரைபடம் தயாரித்தது. 2024 நவம்பரில் அலபாமா முதன்முறையாக ஒரே நேரத்தில் இரண்டு கறுப்பு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது. வழக்குகள் அதோடு ஓயவில்லை.

மாநிலம் தன் தவறை ஒப்புக்கொண்ட ஒரு தருணமும் உண்டு. 1901 அரசியல் சட்டத்திலிருந்து இனவெறி வாசகங்களை நீக்கிய புதிய பிரதிக்கு 2022 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். 121 ஆண்டுகள் ஆயின.

மீண்டும் பாலம்

செல்மா இன்று சிறுத்துவிட்ட ஊர். 1960ல் 28,000 பேருக்கு மேல் இருந்த மக்கள் தொகை 2020 கணக்கெடுப்பில் 18,000க்கும் கீழே. விமானப் படைத் தளம் 1977ல் மூடப்பட்டது. வெள்ளையர்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டார்கள். 1965ல் மேயராக இருந்த ஜோ ஸ்மிதர்மனே 2000 வரை, சிறு இடைவெளி தவிர, மேயராக நீடித்தார். அந்த ஆண்டுதான் ஜேம்ஸ் பெர்கின்ஸ் முதல் கறுப்பு மேயரானார். 2023 ஜனவரி 12ஆம் தேதி சுழற்காற்று ஊரைப் புரட்டிப்போட்டது. ஆற்றங்கரைக் கடைத் தெருவில் பல கடைகளின் கதவுகள் பலகை அடித்துக் கிடக்கின்றன. ஓட்டு வந்தது, வேலை வரவில்லை என்பது ஊரைப் பார்த்தாலே புரிகிறது.

ஆண்டுதோறும் மார்ச் முதல் வாரம் மட்டும் ஊர் நிரம்புகிறது. ஜனாதிபதிகளும் வேட்பாளர்களும் கைகோத்துப் பாலத்தில் நடக்கிறார்கள். 2015ல் ஐம்பதாம் ஆண்டில் ஒபாமா வந்தார். சக்கர நாற்காலியில் 103 வயது அமீலியா பாய்ன்டன் அவர் கையைப் பிடித்திருந்தார். மேரியனில் ஜாக்சனைச் சுட்ட போலீஸ்காரர் 2010ல்தான், 45 ஆண்டுகளுக்குப் பிறகு, குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஆறு மாதம்.

2020 ஜூலை 26ஆம் தேதி, இதுவும் ஞாயிற்றுக்கிழமை, ஜான் லூயிஸ் கடைசி முறையாகப் பாலத்தைக் கடந்தார். குதிரை வண்டியில் தேசியக் கொடி போர்த்திய சவப்பெட்டி. மின்னியபாலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலடியில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாடெங்கும் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்தன. அவர் ரத்தம் சிந்திய இடத்தில் சிவப்பு ரோஜா இதழ்களைத் தூவியிருந்தார்கள். அக்கரையில் மாநில போலீஸார் வரிசையாக நின்றார்கள், 1965ல் நின்ற அதே இடத்தில். இந்த முறை வலது கையை உயர்த்தி சல்யூட் அடித்தார்கள்.

நாடு மாறிவிட்டது என்பவர்களுக்கு அந்த சல்யூட் சாட்சி. அவர் பெயரில் வாக்குரிமைச் சட்டத்துக்கு மீண்டும் பல் கொடுக்கக் கொண்டுவந்த மசோதா செனட்டில் நிறைவேறாமல் போனது மறு தரப்பின் சாட்சி. வண்டி போன பிறகு இதழ்களைக் காற்று அடித்துக்கொண்டு போயிற்று. பாலத்தின் உச்சியில் பெட்டஸின் பெயர் அப்படியே இருக்கிறது.